ஆயாம்மா எங்கே போவார்?

நம் பள்ளிப் பழைய மாணவர் மலருக்கு, நமக்குப் பாடம் எடுத்த ஆசிரியர்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். கணக்கு சாரையும் டிரில் மாஸ்டரையும் எப்படியும் நாலு பேர் எழுதிவிடுவீர்கள். நான் ஞானோபதேசம், அதாவது கத்தோலிக்க மதபாடம், எடுத்த ஃபாதரைப் பற்றி எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு அவரை அவ்வளவாகத் தெரிந்திருக்காது. மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியுமே, ஞாபகம் இருக்கிறதா? கத்தோலிக்கப் பையன்கள் எழுந்து ஞானோபதேசத்துக்குப் போவோம். மற்றவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே மாரல் சயின்ஸ். பைபிள் சொல்லும் கடைசித் தீர்ப்பு நாளில் செம்மறிகளாகிய நல்லவர்களை வலப்பக்கமும் வெள்ளாடுகளாகிய மற்றவர்களை இடப்பக்கமும் நிறுத்தப்போவதற்கு வாராவாரம் ஒத்திகை பார்த்தோம் போலிருக்கிறது. மாரல் சயின்ஸுக்குப் பல நாள் ஆளே வரமாட்டார்கள் என்பதால், எங்களுக்கு வெள்ளாடுகள்மேல்தான் பொறாமை.

ஃபாதரிடம் கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவன் ஒருவன் எங்களோடு இருந்தான். கோலார் தங்க வயலிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவன். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை. ஒருமுறை தியானத்துக்கு வந்த பிரசங்கியார் பாதாளத்தின் சூட்டை அரைமணி நேரம் வர்ணித்தார். சின்னப் பையன்கள் அழவே ஆரம்பித்துவிட்டார்கள். இவன் என் காதில், “மூணு கிலோமீட்டருக்குக் கீழே பாறையே கொதிக்கும்டா. எங்கப்பா தினம் போயிட்டு வர்றாரு” என்றான். அதற்கப்புறம் எனக்கு நரகத்துக்குப் பயப்படுவது கொஞ்சம் கஷ்டமாகிவிட்டது.

மாரல் சயின்ஸ் பக்கம் உட்கார்ந்த ஒருவனுடைய பாட்டி, பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயாவாக இருந்தார். தெருவே அவரை ஆயாம்மா என்றுதான் கூப்பிடும். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார். பெங்களூரு சிவாஜிநகர் மாதா கோயிலில் கொடி ஏறிவிட்டால் செப்டம்பர் 8 தேர் வரை காவிச் சேலைதான். அந்தப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை. வியப்பு வேறு. கிறிஸ்தவ வீட்டுக் குழந்தை பிழைக்காது, சாமியார் வந்து சேரவும் நேரமில்லை என்றால், ஆயாம்மாவே தலையில் தண்ணீர் ஊற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்துவிடுவாராம். அங்கிருந்த கன்னியர் ஒருவர் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். பேரன் இதை மத்தியானச் சாப்பாட்டின்போது சாதாரணமாகச் சொன்னான்.

அடுத்த வகுப்பிலேயே தங்கவயல்காரன் எழுந்தான். “ஃபாதர், அது செல்லுமா?” “செல்லும்.” “அப்போ அந்தக் குழந்தை?” “நேரா மோட்சம்.” “ஆயாம்மா?”

வேறொருவராக இருந்தால் “அதிகப்பிரசங்கி, உட்கார்” என்று முடித்திருப்பார். ஃபாதர் கரும்பலகையில் இரண்டு வருடங்களை எழுதினார்: 1439, 1442. திருச்சபையின் ஆயர்கள் கூடிய ஃபிளாரன்ஸ் பொதுச்சங்கம் 1439இல் சொன்னது: அவசரத்துக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம்; பெண்ணும் கொடுக்கலாம், பிற மதத்தாரும் கொடுக்கலாம்; முறையும் நோக்கமும் திருச்சபையினுடையதாக இருந்தால் போதும். அதே சங்கம் 1442இல் சொன்னது: திருச்சபைக்கு வெளியே இருப்பவர்கள் சாவதற்குள் உள்ளே வராவிட்டால் நித்திய நெருப்புதான். ஃபாதர் இரண்டையும் வாசித்துக் காட்டிவிட்டு, “உன் கேள்வி இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்குது” என்றார்.

அப்புறம்தான் நடந்த கதையைச் சொன்னார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல், தன் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாதவர், நேர்மையான மனதோடு கடவுளைத் தேடி மனச்சாட்சிப்படி நடந்தால் மீட்பு பெற முடியும் என்று எழுதிவைத்தது. அதற்கு முன்னமே அமெரிக்காவில், பாஸ்டன் பக்கம், ஃபீனி என்றொரு சாமியார் வெளியே இருப்பவன் எவனுக்கும் மோட்சம் இல்லை என்று விடாப்பிடியாகப் பிரசங்கித்தார். விளக்கம் சொல்ல ரோமுக்குக் கூப்பிட்டும் போகவில்லை. 1953இல் அவரையே திருச்சபைக்கு வெளியே நிறுத்தினார்கள். இதைச் சொல்லும்போது ஃபாதருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பின்னாளில் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதையும் சொன்னார்.

இதோடு முடிந்திருக்கும். ஆனால் நம்மாள் மறுபக்கத்திலிருந்து கிளம்பினான். எல்லாருக்கும் மோட்சம் என்றால், அவன் அப்பாவின் சம்பளத்தில் பாதியை மாதாமாதம் பிடுங்கிக்கொண்ட வட்டிக்காரனுக்கும் மோட்சமா? இப்போது யோசித்தால் இதுதான் பெரிய கேள்வி. நரகம் வேண்டாம் என்று சொல்வது வயிறு நிறைந்தவனுக்கு எளிது. ஏமாற்றப்பட்டவனுக்கு ஏதாவது ஒரு தீர்ப்பு வேண்டாமா?

ஃபாதர் லூக்கா 16ஐத் திறக்கச் சொன்னார். ஏழை லாசர் கதையில், செத்தபின் பாதாளத்தில் வேதனைப்படும் பணக்காரன் எதை நம்பினான் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. வாசலில் கிடந்தவனைக் கண்டுகொள்ளவில்லை, அவ்வளவுதான். மத்தேயு 25இலும் அதேதான். பசித்தவனுக்குச் சோறு போட்டாயா என்றுதான் விசாரணை. “நரகம் இருக்குன்னுதான் திருச்சபை சொல்லுது. ஆனா இன்னார் அங்கே இருக்கார்னு இன்னைக்கு வரைக்கும் ஒரு பேரைச் சொன்னதில்லை. யூதாஸ் பேரைக்கூட.” இவன் விடவில்லை. “அவன் கடைசி நேரத்துல மனம் திரும்பிட்டா?” “பைபிள்ல வர்ற வரி வசூல்காரன் சக்கேயு, ஏமாத்தினதை நாலு மடங்கு திருப்பிக் கொடுத்தான்ல? உன் ஆளும் கொடுத்துட்டு வரட்டும்.” வகுப்பே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை.

லிம்போவைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருந்தது. ஞானஸ்நானம் இல்லாமல் இறந்த குழந்தைகளுக்கு வேதனையும் இல்லை, கடவுளைக் காண்பதும் இல்லை என்ற பாடம். ஆயாம்மாவின் கை எட்டாத குழந்தைகளின் கணக்கு அது. ஃபாதர் “இது பரீட்சைக்கு வராது” என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிட்டார். அப்போது எங்களுக்கு அது ஒரு பக்கம் குறைந்த சந்தோஷம். 2007இல் ரோமின் சர்வதேச இறையியல் குழு, அந்தக் குழந்தைகள் மீட்கப்படுவார்கள் என்று நம்பிக்கை கொள்ள வலுவான காரணங்கள் உண்டு, ஆனால் அது நிச்சயமான அறிவு அல்ல என்று எழுதியதைப் படித்தபோது அந்தப் பக்கம் நினைவுக்கு வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் எத்தனை தலைமுறை அந்த ஒரு பக்கத்தைச் சுமந்தார்கள்! இவ்வளவு தாமதமாகச் சொன்னதில் எனக்குக் கோபம்தான்.

ஆயாம்மா நாங்கள் பத்தாவது படிக்கும்போது இறந்தார். பறை முழங்க, பூப்பல்லக்கில், அவர்கள் வழக்கப்படியே எடுத்தார்கள். ஃபாதர் வந்து மாலை போட்டுவிட்டு ஓரமாக நின்றார். தங்கவயல்காரன் அங்கேயும் போய்க் கேட்டுவிட்டான். “செபமாலையில ஒவ்வொரு பத்து முடிஞ்சதும் என்னடா சொல்றோம்? எல்லாரையும் மோட்சப் பாதையில் நடத்தும்னுதானே? கேட்கிறப்போ எல்லாரையும்னு கேட்டுட்டு, அப்புறம் நீ ஏன் ஆள் கழிக்கிறே?” என்றார் ஃபாதர்.

நான் இப்போது மெல்போர்னில், தங்கவயல்காரன் சிட்னியில். போனில் இன்னும் சண்டை ஓடுகிறது. கடவுள் எல்லோரும் மீட்புப் பெறவே விரும்புகிறார் என்று 1 திமொத்தேயு 2:4ஐ நான் எடுத்தால், அவன் நித்திய தண்டனையைச் சொல்லும் மத்தேயு 25:46ஐ எடுப்பான். எல்லாமே கடைசியில் கடவுளிடம் திரும்பும் என்ற ஆதித் திருச்சபை அறிஞர் ஒரிஜன் பக்கம் எனக்குச் சாய்வு உண்டு. அந்தப் போதனையை 553இலேயே கண்டித்துவிட்டார்கள் என்று அவன் உடனே தேதி சொல்வான். வட்டிக்காரன் விஷயத்தில் அவன் இன்னும் ஓர் அங்குலம்கூட இறங்கி வரவில்லை. அடுத்த ஒன்றுகூடலுக்கு வருகிறான். நீங்களே கேட்டுப் பாருங்கள். சாப்பாடு முடிந்த பிறகு கேளுங்கள், இல்லையென்றால் பிரியாணி ஆறிவிடும்.