சத்துணவுக்கு ஊர்க்காய்: தீர்மானம் போட்டதிலிருந்து தட்டில் விழுந்தது வரை

எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு நான் தலைவி. ஊரைச் சுற்றிக் கத்தரியும் வெண்டையும் காய்த்துக் கிடக்கிறது, சத்துணவுக்கு மட்டும் ஏன் டவுன் மார்க்கெட்டிலிருந்து மூட்டை வருகிறது என்று ஒரு கூட்டத்தில் கேள்வி வந்தது. பதில் தேடப் போன கதைதான் இது. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

தோட்டம் போடக் காசு இருக்கிறது. பி.எம். போஷன் திட்டத்தில் (மதிய உணவுத் திட்டத்துக்கு 2021-இல் வைத்த பெயர்) பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டத்துக்கென்று ஒரு பள்ளிக்கு ரூ.5,000 ஒதுக்க வழி உண்டு. நெறிமுறை 2019-லேயே வந்துவிட்டது. விதை, நாற்று, மண்வெட்டி, உரம் எல்லாம் அதற்குள் முடித்துக்கொள்ளலாம். நிலம் திருத்துவதை நூறு நாள் வேலையில் சேர்க்கவும் அதில் இடம் இருந்தது. எங்களுக்கு அது அமையவில்லை. பெற்றோர்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து வேலி போட்டோம்.

குழி வெட்டுவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போடுங்கள். அந்தத் திட்டத்தின் அளவுப்படி தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு நாளைக்கு 50 கிராம் காய், ஆறு முதல் எட்டு வரை 75 கிராம். எங்களிடம் சின்னவர்கள் 60 பேர், பெரியவர்கள் 40 பேர். ஆக, தினமும் 6 கிலோ. வகுப்பறைக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலத்தில் அது சத்தியமாக விளையாது. "தோட்டத்திலிருந்தே முழுச் சமையலும்" என்று யாராவது மேடையில் பேசினால் கைதட்டிவிட்டு வந்துவிடுங்கள். நாங்கள் முருங்கை, கறிவேப்பிலை, கீரைப் பாத்தி இவற்றோடு நிறுத்திக்கொண்டோம். சத்துணவுப் பட்டியலில் கீரை சாதமும் கறிவேப்பிலை சாதமும் இருப்பதால் அதற்கு நேராகவே உதவும். மற்ற காய்களை ஊர்க்காரர்களிடம் வாங்குவது என்று முடிவு.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. "உள்ளூரில் காய் வாங்கலாம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதிய தீர்மானம் அலுவலக மேசையிலேயே படுத்துக்கிடந்தது. நேரில் போய்க் கேட்டபோது கணக்குப் பார்க்கும் அம்மா சொன்னார்: "ஏம்மா, வயக்காட்டுல கத்திரிக்கா விக்கிற பாட்டிகிட்ட பில் புக்கா இருக்கும்? ஆடிட்ல கேட்டா நான் எதைக் காட்டுறது?" எரிச்சலாக இருந்தது. ஆனால் கேள்வி நியாயமானது.

வழி எங்கள் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவில் கிடைத்தது. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்ததிலிருந்து எங்கள் பள்ளியில் காலைச் சமையல் அவர்கள் கையில்தான். அந்தச் சாம்பாருக்கும் உள்ளூர்க் காய்தான் போடச் சொல்லியிருக்கிறது அரசு. குழுவுக்கு வங்கிக் கணக்கு, வரவு செலவு நோட்டு, முத்திரை எல்லாம் இருக்கிறது. வயல்காரர்களிடம் காயை எடைபோட்டு வாங்குவதும், வாரம் ஒரு பில் தருவதும் அவர்கள் பொறுப்பு. ரூ.5,000-க்கு மேல் போனால் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும், கைவசம் வைத்திருங்கள்.

தீர்மானத்தை மாற்றி எழுதினோம். என்னென்ன காய், யார் வாங்குவது, யார் எடை பார்த்துக் கையெழுத்துப் போடுவது எல்லாம் அதில் வந்தன. விலைக்கு, "அன்றைய உழவர் சந்தை விலைக்கு மேல் போகக் கூடாது" என்று ஒரே வரி. உழவர் சந்தைப் பலகையில் தினமும் விலை எழுதிப் போடுவதால் அதைப் போனில் படம் பிடித்து பில்லோடு இணைத்துவிடுகிறோம். இந்த ஒரு வரிதான் கோப்பை நகர்த்தியது என்பது என் எண்ணம்.

அடுத்த எதிர்ப்பு சமையல் கூடத்திலிருந்து வந்தது. சமையலர் அக்கா கத்தரிக்காயைக் காம்போடு திருப்பிப் பார்த்து, ஓட்டை இருந்தால் தயவே இல்லாமல் கூடைக்கு வெளியே தள்ளிவிடுவார். அதுகூடப் பரவாயில்லை; முருங்கைக் கீரை என்றதும் முகம் சுருங்கிவிட்டது. "நூறு பிள்ளைக்கு இலை உருவிட்டு உலை எப்ப வைக்கிறது?" என்றார். உதவிக்கு இருப்பது ஒரே ஆள். முதல் நாள் சாயங்காலமே கொத்துக் கொத்தாக ஒடித்து வெள்ளைத் துணியில் இறுகக் கட்டிவைக்கச் சொன்னது என் மாமியார்தான். காலையில் பிரித்து உதறினால் இலை தானாகக் கொட்டுகிறது, காம்பு மட்டும் கையில் நிற்கிறது. அதற்குப் பிறகு அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது பாக்கி இருப்பது கோடை. பள்ளி நடக்கிற நாளில் அரிசி கழுவின தண்ணீரே பாத்திக்குப் பாதி போதும். மே மாதம் அடுப்பும் கிடையாது, கேட்டும் பூட்டு. ஒரு சாவியைக் குழுவிடம் கொடுக்கத் தலைமையாசிரியர் எழுத்திலேயே சம்மதித்திருக்கிறார். எந்த வாரம் எந்த வீடு தண்ணீர் ஊற்றுவது என்று பட்டியலும் போட்டாயிற்று. கத்திரி வெயில் வாரத்துக்குத்தான் இன்னும் ஆள் சிக்கவில்லை.