லூபிட்ஷ் படமும் எங்கள் ஆங்கில ஆசிரியரும்

ஒரு திரைப்படத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை, உயர்தர வகுப்பில் எங்களுக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியரிடமே நான் கற்றேன். சனிக்கிழமை மாலைகளில் கல்லூரி மண்டபத்து யன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, இரவல் வாங்கிய 16 மி.மீ. புரொஜெக்டரில் அவர் காட்டிய பேசாப் படங்களுள் இன்றும் என் மனத்தை விட்டு அகலாதது, ஏர்ன்ஸ்ட் லூபிட்ஷ் 1924இல் வார்னர் நிறுவனத்துக்காக இயக்கிய ‘த மேரேஜ் சர்க்கிள்’.

வியன்னா நகரத்து இரு தம்பதியரின் கதை அது. பேராசிரியர் ஸ்டொக்குக்கும் அவர் மனைவி மிற்சிக்கும் ஒத்துப்போவதில்லை. மருத்துவர் பிரவுனும் ஷார்லட்டும் மனமொத்து வாழ்பவர்கள். தொடக்கத்திலேயே, ஸ்டொக்காக நடித்த அடோல்ஃப் மென்ஜூவின் காலுறையில் ஓட்டை தெரிகிறது. அவருடைய லாச்சி ஏறக்குறைய வெறுமையாகவும் மனைவியின் லாச்சி நிறைந்தும் இருக்கின்றன. அந்த வீட்டின் நிலைமையை அறிய எங்களுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

விருந்துக் காட்சியை மட்டும் ஆசிரியர் ரீலைத் திருப்பிச் சுற்றி மறுபடியும் காட்டினார். தன்னைத் துரத்தும் மிற்சிக்குப் பக்கத்தில் தன் பெயரட்டை இருப்பதைக் கண்ட பிரவுன், அதை வேறோர் இளம்பெண்ணின் இருக்கையருகே மாற்றி வைக்கிறார். அதைக் கவனித்துவிட்ட ஷார்லட், கணவருக்கு அந்தப் பெண்மீது நாட்டம் என்று எண்ணி, அவரைக் காப்பாற்றுவதாக நம்பி, தன் உயிர்த்தோழி மிற்சியின் பக்கத்திலேயே அவரை அமர்த்திவிடுகிறாள். உண்மையான பொறாமைதான், ஆனால் பிழையான ஆளின்மேல் விழுகிறது. “ஆர் ஆருக்கு என்ன தெரியும் எண்டு பாருங்கோ, தம்பிமார், சிரிப்பு அங்கைதான் இருக்கு” என்றார் ஆசிரியர். விழுந்து புரளும் நகைச்சுவைக்கே பழகியிருந்த எங்களுக்கு அது புதிய வாசல்.

சாப்ளின் 1923இல் இயக்கிய ‘எ வுமன் ஒஃப் பாரிஸ்’ லூபிட்ஷைப் பெரிதும் கவர்ந்தது என்பதையும், மென்ஜூ அதிலும் நடித்தவர் என்பதையும் பின்னாளில் வாசித்தறிந்தேன். இதே கதையை லூபிட்ஷ் 1932இல் ‘வன் அவர் வித் யூ’ என்ற பேசும்படமாக, மொரிஸ் ஷெவாலியேயின் பாடல்களுடன் மீண்டும் எடுத்தார். அதுவும் இனிய படந்தான். ஆயினும் பாத்திரங்கள் தங்கள் மனத்தைப் பாடியும் பேசியும் விளக்கும்போது, நாமே கண்டுபிடிக்கும் மகிழ்ச்சி குறைந்துவிடுகிறது. எனவே மௌனப் படத்தையே நான் மேலானதாகக் கருதுகிறேன்.