புனிதரின் ஊரில் ஒரு மோப்ப நாய்

பிரஸ்ஸல்ஸிலிருந்து லிப்ராமோன் வரை ரயில், அப்புறம் பேருந்து. நவம்பர் 3. ஆர்டென் காடு முழுக்கப் பனிமூட்டம். பெல்ஜியத்தின் செயின்ட் ஹூபர்ட் ஊருக்கு நான் போனது ஒரு பெயருக்காக. பிளட்ஹவுண்ட் ('இரத்த வேட்டைநாய்') என்ற மோப்ப நாயை பிரெஞ்சுக்காரர்கள் 'புனித ஹூபர்ட்டின் நாய்' என்கிறார்கள். ஒரே நாய்க்கு ஆங்கிலத்தில் இரத்தம், பிரெஞ்சில் புனிதர்!

ஹூபர்ட் 727இல் இறந்த கிறிஸ்தவ ஆயர் (பிஷப்). வேட்டைப் பித்தராக இருந்தவர், கொம்புகளுக்கு நடுவே சிலுவை ஒளிர்ந்த கலைமானைக் கண்டு மனம் மாறினார் என்பது கதை. 825இல் அவர் உடலை இந்த ஊர் மடத்துக்குக் கொண்டுவந்தார்கள். மடத்துத் துறவிகள் வளர்த்த வேட்டை நாய்களின் வழிவந்ததாகச் சொல்லப்படுவதால்தான் இதற்கு அவர் பெயர்.

வெறிநாய் கடித்தவர்கள் பல நூற்றாண்டுகளாக இவரைத் தேடி வந்திருக்கிறார்கள். நெற்றியைச் சிறிதாகக் கீறி, புனிதரின் தோள்துகிலிலிருந்து எடுத்த ஓர் இழையை உள்ளே வைத்துக் கட்டுவார்களாம். தடுப்பூசி 1885இல்தான் வந்தது. அதற்கு முன் அந்த இழையைத் தவிர அவர்களுக்கு வேறு என்ன இருந்தது? பெருங்கோவிலுக்குள் நின்றபோது நெஞ்சு கனத்துவிட்டது.

திருநாள் என்பதால் வெளியே ஒரே நாய்க்கூட்டம். ஊதுகொம்பு முழங்க நாய்களையும் ரொட்டியையும் மந்திரிக்கிறார்கள். நெற்றித் தோல் கண்மேல் சரிய, நீண்ட காதுகள் தொங்க, ஒரு பெரிய பிளட்ஹவுண்ட் என் காலணியை நிதானமாக முகர்ந்தது. கயிற்றைப் பிடித்திருந்த பெரியவர் இன்னொரு பெயரும் சொன்னார்: 'லிமியே'. கயிற்றில் பிடித்தபடி தடம் பார்க்கக் கூட்டிப்போகும் நாய் என்று பொருள். கட்டும் கயிற்றுக்கான பழைய சொல்லிலிருந்து பிறந்தது. துப்பறிவாளரையும் பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வார்கள்.

சரி, இரத்தம் எங்கிருந்து வந்தது? காயம்பட்ட விலங்கின் இரத்தத் தடத்தைப் பின்தொடர்வதால் அந்தப் பெயர் என்று 1570இல் ஜான் கேயஸ் என்ற ஆங்கில மருத்துவர் எழுதினார். கலப்பில்லாத உயர்ந்த இரத்தம் என்ற விளக்கம் 19ஆம் நூற்றாண்டில் பரவியது. கேயஸைத்தான் நான் நம்புகிறேன். இந்த நாய் அன்றாடம் தடம் பார்த்த காலத்தில் வாழ்ந்தவர் அவர். எப்படியானாலும் அந்தப் பெயரில் இரத்தவெறி இல்லை.

கிளம்பும்போது என் பையிலிருந்த மந்திரித்த ரொட்டியை அது மோப்பம் பிடித்துவிட்டது. விலங்குகளுக்கும் கொடுக்கிற ரொட்டிதான் என்றார் பெரியவர். பாதியைப் பிய்த்து நீட்டினேன். உள்ளங்கை ஈரமாக, மெதுவாக வாங்கிக்கொண்டது.