மலையில் முட்டை அவிக்கிறவர்களுக்கு

மஞ்சள் கருவைத் தட்டோரம் ஒதுக்குகிறவர்கள் எதை ஒதுக்குகிறார்கள் என்று முதலில் பார்த்துவிடலாம். ஓடு நீக்கிய 50 கிராம் முட்டையில் புரதம் 6 கிராமுக்குச் சற்று மேல். வெள்ளையில் 3.6 கிராம், மஞ்சளில் 2.7. வைட்டமின் ஏ, டி, ஈ, 150 மில்லிகிராம் அளவுக்குக் கோலின் என்ற சத்து, கண்ணுக்கான லூட்டின், பி12-இல் பெரும்பகுதி எல்லாம் மஞ்சளில்தான். 5 கிராம் கொழுப்பும் அங்கேதான். மொத்தம் 72 கலோரி. பேக்கரியில் விற்கும் இரண்டு வர்க்கி பிஸ்கட்டுக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை.

கொலஸ்ட்ரால் சுமார் 185 மில்லிகிராம். நாளுக்கு 300 என்ற வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டி 2015-லேயே எடுத்துவிட்டது. சர்க்கரை நோயோ பரம்பரையாக எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் கூடுதலோ இருப்பவர்கள் மட்டும் எண்ணிக்கையை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி அடுப்பு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் கொதிநீரில் போட்டு 10 நிமிடத்தில் இறுகும் முட்டைக்கு ஊட்டியிலும் கொடைக்கானலிலும் 12, 13 நிமிடம் வேண்டும். தீயைக் கூட்டினால் கேஸ்தான் தீரும், சூடு ஏறாது. ஜனவரியில் சமையலறை முட்டையே ஐஸ் மாதிரி இருக்கும். அதைக் கொதிநீரில் போட்டால் ஓடு விரியும். பச்சைத் தண்ணீரில் போட்டு ஏற்றுங்கள். சூடேறும்போதே கொஞ்சம் வெந்துவிடுவதால் கொதி வந்தபின் 10 நிமிடம் போதும், பிறகு உடனே குளிர்ந்த நீர். அதிகம் வெந்தால் வெள்ளையிலுள்ள கந்தகமும் மஞ்சளிலுள்ள இரும்பும் சேர்ந்து பச்சை வளையம் கட்டும். பார்க்கத்தான் கேடு, உடம்புக்கு இல்லை.

ஓடு சதையோடு பிய்ந்து வருகிறதா? முட்டை புதுசு என்று பொருள். நாளாக ஆக உள்ளிருக்கும் கரியமில வாயு ஓட்டின் துளைகள் வழியாக வெளியேறி, வெள்ளையின் காரத்தன்மை ஏறும். அப்போதுதான் தோல் விடும். குளிரில் இது மெதுவாக நடக்கும். நாமக்கல் லோடு வந்த அன்றைக்கே வாங்கியதைப் பொரியலுக்கு வைத்துக்கொண்டு, ஒரு வாரம் ஆனதை அவியுங்கள்.

பச்சை முட்டையைப் பாலில் அடித்துக் குடிப்பது வீண். வேகாத புரதத்தில் பாதிதான் செரிக்கும், வெந்ததில் பத்தில் ஒன்பது பங்கு. பச்சை வெள்ளையிலுள்ள அவிடின் என்ற புரதம் பயோட்டின் என்ற வைட்டமினையும் பிடித்துவைக்கும். சால்மொனெல்லா கிருமி பயம் தனி.

முட்டைக்கு ஏற்ற ஜோடி ஊட்டிக்கு அருகே கேத்திப் பக்கத்துக் கேரட். கேரட்டிலுள்ள பீட்டா கரோட்டின் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். மஞ்சள் கருவே அதைக் கொடுத்துவிடுகிறது. துருவிய இரண்டு கேரட்டை வெங்காயத்தோடு வதக்கி, மெத்தென்று ஆனபின் இரண்டு முட்டை உடைத்து ஊற்றுங்கள். முன்னதாகவே ஊற்றினால் முட்டை ரப்பராகிவிடும், கேரட் நறுக்கென்றே நிற்கும்.

இரும்பை நம்பி முட்டை சாப்பிடாதீர்கள். இருப்பதே ஒரு மில்லிகிராமுக்குள், அதையும் மஞ்சளிலுள்ள பாஸ்விடின் என்ற புரதம் இறுகப் பிடித்துக்கொள்ளும். கூடவே டீ குடித்தால் இன்னும் மோசம். இரும்பு உடம்பில் சேர முட்டைமேல் எலுமிச்சை பிழியுங்கள், டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். தேயிலைத் தோட்டத்து நடுவில் இருந்துகொண்டு இதைச் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்!