கட்டிலும் தட்டும்: கறுப்பினத் தீயணைப்பு வீரர்களின் சங்கங்கள்

தீயணைப்பு நிலையம் மற்ற ஆபீஸ் மாதிரி கிடையாது. ட்யூட்டி என்றால் அங்கேயே சமைத்து, சாப்பிட்டு, அங்கேயே படுக்க வேண்டும். மணி அடித்தால் பாதித் தூக்கத்தில் எழுந்து வண்டியேற வேண்டும். ஒருத்தனை ஒதுக்கி வைக்க நினைப்பவர்கள் அவன் வேலை உத்தரவில் கை வைக்கத் தேவையில்லை. கட்டிலையும் தட்டையும் பிரித்துவிட்டாலே அவன் தானாகப் போய்விடுவான் என்று அவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவின் கறுப்பினத் தீயணைப்பு வீரர்கள் வைத்த சங்கங்களின் வரலாற்றை, தமிழ்நாட்டுத் தீயணைப்பு வீரனாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு படிக்கத் தொடங்கினேன். எல்லா ஊரிலும் கதை அந்தக் கட்டிலிலும் தட்டிலும்தான் வந்து நிற்கிறது.

நியூயார்க்கில் 1898இல் வில்லியம் நிக்கல்சன் என்ற கறுப்பினத்தவர் தீயணைப்பு வீரராகத் தேர்வானார். அவர் கையில் ஹோஸைக் கொடுக்கவில்லை, குதிரை மருத்துவப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். 1919 ஜனவரியில் வெஸ்லி வில்லியம்ஸ் வந்தார். வயது 21. இத்தாலியர்கள் நிறைந்திருந்த கீழ் மன்ஹாட்டனில், 55ஆம் எண் எஞ்சின் நிலையத்தில் போட்டார்கள். அவர் போய்ச் சேர்ந்த அன்றே நிலையத்தின் கேப்டன் ஓய்வு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மிச்சமிருந்தவர்கள் மொத்தமாக டிரான்ஸ்ஃபர் கேட்டு எழுதிக்கொடுத்தார்கள். ஒரு வருஷத்துக்கு யாருக்கும் மாறுதல் கிடையாது என்று துறை மறுத்தது. வில்லியம்ஸ் நல்ல பலசாலி, குத்துச்சண்டை தெரிந்தவர். வம்புக்கு இழுத்தவர்களை நிலவறைக்குக் கூட்டிப்போய் நேருக்கு நேர் தீர்த்துக்கொண்டார். கூடவே உட்கார்ந்து படித்தார். 1927இல் லெப்டினன்ட், 1938இல் பல நிலையங்களுக்குப் பொறுப்பான பட்டாலியன் சீஃப்.

இதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தனக்குப் பதவி வந்துவிட்டது, இனி யாரும் தன்னைத் தொட முடியாது என்ற நிலையில், 1940இல் மற்றக் கறுப்பின வீரர்களைச் சேர்த்து வல்கன் சொசைட்டியைத் தொடங்கினார். அப்போது பல நிலையங்களில் கறுப்பினத்தவருக்கென்று ஒரு கட்டிலைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். பெரும்பாலும் கழிப்பறைக்குப் பக்கத்தில்தான் அது கிடக்கும். ட்யூட்டி முறை மாறும்போது அடுத்து வரும் கறுப்பினத்தவரும் அதில்தான் படுக்க வேண்டும். சொசைட்டி முதலில் கையில் எடுத்த விஷயங்களில் அந்தக் கட்டிலும் ஒன்று. அந்தச் சங்கத்தின் தலைவராக இருந்த ராபர்ட் லோவரி 1966இல் நியூயார்க் மாநகரின் தீயணைப்பு ஆணையரானார்.

நான் அவிநாசிக்கு வடக்கே ஒரு கிராமத்தில், ஊருக்கு வெளியே இருந்த வளவில் பிறந்தவன். எங்கள் அய்யன் டீ குடித்த கடையில் எங்களுக்கென்று அலுமினிய டம்ளர்கள் வெளியே தாழ்வாரத்து ஆணியில் தொங்கும். குடித்துவிட்டு நாமே கழுவி மாட்டிவிட்டு வரவேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நிலையத்தில், "தம்பிக்கு எந்த ஊருங்க?" என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்கள். அடுத்து, "ஊருக்குள்ளயா, அந்தப் பக்கமா?" அதற்கப்புறம் யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து எனக்கு மட்டும் மெஸ் கணக்கு கிடையாது, வீட்டிலிருந்து தூக்குப்போசியில் சோறு கொண்டு வரச் சொன்னார்கள். நிறமும் சாதியும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும், இங்கே கேட்டுக் கேட்டுத் தோண்டுவார்கள். ஆனால் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவனின் தொண்டை அடைப்பு எனக்குத் தெரியும்.

திருப்பூர்ப் பக்கம் பஞ்சு குடோன் தீயில் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். பஞ்சு பேல், அதாவது இறுக்கிக் கட்டிய பஞ்சுப் பொதி, வெளியே கறுத்து, அணைந்தது மாதிரி கிடக்கும். உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். ஒவ்வொரு பேலாகப் பிரித்துப் போட்டு, இழுத்து, தண்ணீர் அடிக்க வேண்டும். ராத்திரி முழுக்க ஆகும், சில சமயம் மறுநாளும் தாண்டும். பிராஞ்சை, அதாவது ஹோஸின் முனைக் குழலை, பிடிக்கிறவனுக்குப் பின்னால் இன்னொருத்தன் ஹோஸைத் தோளோடு அணைத்து முட்டுக்கொடுத்து நிற்க வேண்டும். தண்ணீர் வரும் வேகத்துக்கு அவன் கொஞ்சம் விட்டாலும் முன்னால் நிற்பவன் தடுமாறி விழுவான். புகையில் ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது, முதுகில் படுகிற கைதான் ஆதாரம். என் தட்டைப் பிரித்தவர்தான் பல தடவை எனக்குப் பின்னால் நின்றார். அங்கே அவர் கை விலகவில்லை, நானும் விலகவில்லை. நிலையத்துக்குத் திரும்பிக் கை கால் கழுவியதும் தட்டு மறுபடி தனித்தட்டாகிவிடும். அதை என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸில் 1950களின் நடுப்பகுதி வரை கறுப்பினத்தவருக்கு 14ஆம் எண், 30ஆம் எண் என்று இரண்டே நிலையங்கள். அந்த இரண்டில் ஓர் அதிகாரி ஓய்வு பெற்றால்தான் இன்னொருவருக்குப் பதவி உயர்வு. 1954இல் அவர்கள் ஸ்டென்டோரியன்ஸ் என்ற சங்கத்தை அமைத்தார்கள். 1956இல் எல்லா நிலையங்களும் கலக்கப்பட்டபோது அடுப்பிலும் மேசையிலும் ஒதுக்கல் கூடவே வந்தது. ஆர்னெட் ஹார்ட்ஸ்ஃபீல்ட் என்பவர் 1940இல் தீயணைப்பு வீரராகச் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்து வழக்கறிஞரானவர். அந்தக் காலத்தையெல்லாம் எழுதிவைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பழைய 30ஆம் நிலையம் 1997 முதல் கறுப்பினத் தீயணைப்பு வீரர்களின் அருங்காட்சியகமாக இருக்கிறது.

செயின்ட் லூயிஸில் இது நீதிமன்றம் வரை போனது. அங்கே வெள்ளையர்கள் நிலையத்துச் சமையலறையில் கூட்டுச் சமையல் வைத்து, கறுப்பினத்தவரைச் சேர்க்காமல் விட்டார்கள். காசு போட்டுச் சமைக்கிறோம், எங்கள் சொந்த விஷயம் என்றார்கள். அந்த ஊர்க் கறுப்பின வீரர்களின் சங்கம் வழக்குப் போட்டது. நகராட்சியின் அடுப்பில் இப்படிப் பிரித்துச் சமைக்க நகரம் இடம் கொடுக்கக் கூடாது என்று 1970களில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இதைப் படித்த அன்று எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. ஒரு பெரிய நீதிமன்றம் தட்டைப் பற்றிப் பேசியிருக்கிறது!

ஊர் ஊராக இருந்த சங்கங்கள் 1970இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் கூடி, நாடு தழுவிய ஓர் அமைப்பை உருவாக்கின. முதல் தலைவர் நியூயார்க்கின் டேவிட் ஃப்ளாய்ட். அதற்கப்புறம் சண்டையின் பெரும்பகுதி தேர்வுத்தாள் பக்கம் திரும்பியது. எரியும் கட்டடத்துக்குள் என்ன செய்ய வேண்டும் என்பதற்குச் சம்பந்தமில்லாத எழுத்துத் தேர்வை வைத்து ஆளைக் கழிப்பதை வல்கன் சொசைட்டி 1973இலேயே வழக்காடி ஜெயித்தது. மூன்று வெள்ளையருக்கு ஒரு சிறுபான்மையினர் என்று சில வருஷம் ஆள் எடுத்தார்கள். பிறகு அது முடிந்து பழைய நிலைமையே திரும்பியது. 2000களில் நகர மக்களில் நான்கில் ஒரு பங்கு கறுப்பினத்தவர், தீயணைப்பு வீரர்களில் சுமார் 3 சதவீதம்தான். மறுபடி வழக்கு. 1999, 2002 தேர்வுகள் பாரபட்சமானவை என்று 2009இல் நீதிபதி நிக்கோலஸ் காராஃபிஸ் தீர்ப்பளித்தார். 2014இல் 9.8 கோடி டாலர் கொடுத்து நகரம் சமரசம் செய்துகொண்டது. அதே 2009இல்தான் இங்கே தமிழ்நாட்டில் எங்கள் அருந்ததியர் சமூகத்துக்கு 3 சதவீத உள் இடஒதுக்கீடு சட்டமானது. வளவில் அன்று நாங்கள் வெடி வெடித்தோம்.

வல்கன் சொசைட்டி வழக்கோடு நிற்கவில்லை. தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் கொடுத்தது. அதைப் பார்த்துத்தான் நானும் என்னுடன் வேலை பார்த்த இரண்டு பேரும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை மைதானத்துக்கு வரச் சொல்கிறோம். சீருடைப் பணியாளர் தேர்வில் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும். ஓட்டம் எல்லாருக்கும் வருகிறது, கயிற்றில் பாதிப் பேர் நடுவிலேயே நின்றுவிடுகிறார்கள். காலைக் கயிற்றில் பின்னிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தால் ஒரு மாதத்தில் ஏறிவிடுகிறார்கள். வேலை கிடைத்துப் போகிற பிள்ளைகளிடம் எங்கள் மூன்று பேரின் நம்பரையும் எழுதிக் கொடுக்கிறோம். ட்யூட்டியில் சேர்ந்த முதல் வாரம் எங்கே படுத்தாய், யாரோடு சாப்பிட்டாய் என்று நாங்களே போன் போட்டுக் கேட்கிறோம். போன மாதம் ஒரு பையன், "மெஸ்ல சேத்துக்கிட்டாங்கண்ணா, இன்னிக்கு என் முறை, ரசம் நாந்தான் வெச்சேன்" என்றான்.