ஒரு பிளாக்குக்காக மூன்று நடை

அம்மாவின் கல்லீரல் அறுவை சிகிச்சை நான்கு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதற்கு முந்தைய தாள்களைத் திரட்டத்தான் எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த ஆற்றாமை இன்னும் தீரவில்லை.

2019இல் யூவியல் மெலனோமா என்ற புற்றுநோய்க்காக அவருடைய இடக்கண்ணை அகற்றினார்கள். கண்ணுக்குள் நிணநீர் நாளங்கள் இல்லாததால் இந்நோய் இரத்தத்தின் வழியே பரவுகிறது, பரவினால் பெரும்பாலும் கல்லீரலில்தான் போய்த் தங்குகிறது என்று அப்போதே எச்சரித்திருந்தார்கள். ஆறு மாதத்துக்கொரு முறை ஸ்கேன் எடுத்துவந்தோம். 2024இல் கல்லீரலில் ஒரு கட்டி தெரிந்தது.

சி.டி. ஸ்கேனிலும் ஒன்றுதான் என்று வந்ததும் அறுவைக்குத் தேதி கேட்டோம். கல்லீரல் அறுவை மருத்துவர் சம்மதிக்காமல், கல்லீரல் செல்கள் உறிஞ்சிக்கொள்ளும் மருந்தைச் செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார், அதில் இரண்டாவது கட்டியும் தெரிந்தது. இந்த நோய்க்கு அந்த எம்.ஆர்.ஐ.யை முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

கல்லீரல் கட்டியிலிருந்து ஊசியில் எடுத்த திசுவைப் பழைய கண் கட்டியோடு ஒப்பிட, அந்தக் கண் கட்டியின் 2019ஆம் ஆண்டு ஸ்லைடுகளும், அதன் திசுவை மெழுகில் பதித்துவைத்த பிளாக்கும் வேண்டும் என்றார்கள். எங்களிடம் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டுமே இருந்தது. கண் மருத்துவமனையின் ரெக்கார்டு பிரிவில் இருந்தவர், நோயாளி கையெழுத்திட்ட கடிதம் இல்லை என்று முதல் நாள் திருப்பி அனுப்பினார். கடிதத்தோடு போன அடுத்த முறை, அம்மாவின் அடையாள அட்டை நகலும் மருத்துவரின் கோரிக்கைக் கடிதமும் எங்கே என்றார். விழுப்புரத்திலிருந்து வந்துபோகிறோம் என்று சொல்லியும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. தேவையான மூன்றையும் முதல் நாளே ஒரு துண்டுத்தாளில் எழுதித் தந்திருக்கலாம். மூன்றாம் நடையில் கைக்கு வந்த பிளாக்கைப் பேருந்தில் நான் மடியைவிட்டு இறக்கவே இல்லை. கண் அகற்றப்பட்டவர்கள், திசுவைச் சோதித்துத் தந்த நோய்க்கூறியல் அறிக்கையின் எண்ணையாவது இன்றே குறித்துவையுங்கள்.

முதலில் வயிற்றில் சிறு துளையிட்டு லாப்பரோஸ்கோப்பி கேமராவை மட்டும் நுழைத்துப் பார்ப்போம், எந்த ஸ்கேனிலும் தெரியாத பொடிப்புள்ளிகள் கல்லீரலெங்கும் பரவியிருந்தால் வெட்டாமல் மூடிவிடுவோம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். போதிய நல்ல கல்லீரலை விட்டுவைத்துக் கட்டிகளை முழுதாக எடுக்க முடிந்தால்தான் இந்த அறுவையால் பயன் என்பதால், ஒப்புதல் படிவத்தில் இரண்டுக்கும் சேர்த்தே கையெழுத்திட்டோம். காப்பீட்டு அனுமதியையும் இரண்டு நிலைக்கும் தனித்தனியாகக் கேட்டு வாங்குவது நல்லது. நாங்கள் அதைக் கடைசி நாளில்தான் அறிந்தோம்.

முக்கால் மணி நேரத்தில் செவிலியர் வெளியே வந்து, "புள்ளி எதுவும் இல்லை, தொடர்கிறார்கள்" என்றார். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

எட்டாம் நாள் வீடு திரும்பினோம். வெட்டிய ஓரங்களில் நோய்ச்செல்கள் இல்லை என்று அறிக்கை வந்திருக்கிறது. மூன்று மாதத்துக்கொரு முறை எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். பிளாக்கை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்கும்போது ரசீது வாங்காமல் வரப்போவதில்லை.