பக்கத்து நாற்காலி

2020 மார்ச்சில் அலுவலக லேப்டாப்போடு சோழிங்கநல்லூரிலிருந்து கடலூருக்கு பஸ் ஏறியபோது, இரண்டு வாரம்தான் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். மஞ்சக்குப்பம் வீட்டில் அம்மாவின் தையல் மெஷின்தான் எனக்கு மேசை. மெஷினை உள்ளே மடக்கி, பெல்ட்டைக் கழற்றி, பலகை மேல் லேப்டாப்பை வைத்துக்கொள்வேன். ஏதாவது புரியாமல் யோசிக்கும்போது கால் தானாக மிதியை ஆட்டும். கடகடவென்று சத்தம் வரும்.

அந்த நவம்பரில் நிவர் புயல் கரையைக் கடந்த இரவு எங்களுக்கு ரிலீஸ், சாஃப்ட்வேரின் புது வெர்ஷனை வெளியிடும் வேலை. கரன்ட் போய்விட்டது. இன்வர்ட்டர் என் லேப்டாப்புக்குத் தாங்க வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் ஃபேனைக்கூடப் போடாமல் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வீடு எனக்குச் செய்ததை எந்த அலுவலகமும் செய்யாது. தொலைத்தொடர்புத் துறையும் அதே மாதம்தான், ஐ.டி. கம்பெனி ஆட்கள் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்கு இருந்த கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டது. சரி, இனி இப்படியே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வருடம் டீமுக்கு ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். பண்ருட்டி பக்கம். கல்லூரி முடித்து நேரே லேப்டாப் திரைக்குள் வந்தவள். அலுவலக வாசலைக்கூடப் பார்த்ததில்லை. ஆபீஸ் சாட்டில் அவள் பெயருக்குப் பக்கத்தில், ஆன்லைனில் இருக்கிறாள் என்று காட்டும் பச்சைப் புள்ளி நாள் முழுக்க எரியும். வேலை நடக்கிறது என்று இருந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஸ்கிரீன் ஷேர் செய்யச் சொன்னால், புரோகிராமின் செட்டிங்ஸ் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் பழைய டேட்டாபேஸ் முகவரி. பத்து நிமிட வேலை. "நீங்க பிஸியா இருப்பீங்களோன்னு கேக்கலக்கா" என்றாள். இரண்டு நாளும் அவள் சரியாகத் தூங்கவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

என் முதல் வருடத்தில் எனக்கு அப்படி நடக்கவே இல்லை. பக்கத்து நாற்காலியில் ஒரு சீனியர் இருந்தார். என் கீபோர்டு சத்தம் நின்றால் போதும், "என்னம்மா, கை நின்னுபோச்சு?" என்று நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்துவிடுவார். நான் கற்ற பாதி, வாய்திறந்து கேட்காமலே கிடைத்தது. பச்சைப் புள்ளிக்கு அந்தக் காது கிடையாது.

அதிலிருந்து தினமும் மூன்று மணிக்கு ஒரு மணி நேரம் இருவரும் ஆன்லைன் கால் (call) போட்டு வைத்துக்கொள்கிறோம். கேமரா வேண்டாம், மியூட்டும் வேண்டாம், மீட்டிங்கும் இல்லை. அவரவர் வேலை. அவள் பக்கம் கோழி கத்தும். கீபோர்டு நின்றால் நான் கேட்பேன்.

ஒருநாள் அவள்தான் கேட்டாள்: "அக்கா, ரொம்ப நேரமா மிதி சத்தம் வருதே, எங்க மாட்டிக்கிட்டீங்க?"